மந்திரக்காரி படித்துச் சொன்னது

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் அறையில் பாய் விரித்து, நடுவில் ஒரு எவர்சில்வர் தட்டை வைப்போம். உருட்டுகிற கட்டை கட்டிலுக்கு அடியில் ஓடிவிடாமல் இருக்கத்தான் தட்டு. தாயக்கட்டை இல்லை, இருபது முகமுள்ள, நெல்லிக்காய் அளவு நீலக் கட்டை. அது தட்டில் விழுந்து சுற்றும் சத்தம் வராந்தா முழுக்கக் கேட்கும். பக்கத்து அறைப் பெண்கள், "தாயம் போட உக்காந்துட்டாளுங்க" என்று சொல்லிக்கொண்டே துணி காயப்போட மாடிக்குப் போவார்கள்.

ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால், வேலைக்குப் போகும் பெண்களுக்காக வரிசையாகக் கட்டிவிட்ட அறைகள் அவை. என் அறையில் நானும், எங்கள் தொழிற்சாலையிலேயே பிரஸ் மிஷினில் வேலை செய்த ஒரு பெண்ணும் இருந்தோம். என்னைவிட நான்கு வயது சின்னவள். ஊத்தங்கரைக்கு அப்பால் ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து, பன்னிரண்டாவது முடித்துவிட்டு, காண்ட்ராக்டில் வேலைக்கு வந்தவள். நான் எழுதுவது அவளைப் பற்றித்தான். விளையாட்டைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் நான் அவளுக்குச் செய்ததை முதலில் விளையாட்டில்தான் செய்து பழகினேன்.

விளையாட்டைக் கொண்டுவந்தவள் எங்கள் டிசைன் பிரிவில் இருந்த ஆனேக்கல்காரி. கன்னடம் பேசுகிறவள். பெங்களூரில் படித்தபோது கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். கெட்டியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றை நகலெடுத்து, ஸ்பைரல் போட்டு வைத்திருந்தாள். அவள் கதை சொல்வாள். நாங்கள் மூன்று பேரும் அந்தக் கதைக்குள் ஆளுக்கு ஒருத்தியாக இருப்போம். என்ன செய்கிறோம் என்று நாங்கள் சொல்ல, அது பலித்ததா இல்லையா என்பதைக் கட்டை சொல்லும்.

கதைக்குள் போகும் ஒவ்வொருத்திக்கும் ஒரு வேலை உண்டு. அதைப் புத்தகத்தில் கிளாஸ் என்று போட்டிருந்தது. வாளெடுத்து முன்னால் நின்று அடி வாங்குகிறவள் ஒருத்தி. பட்ட காயத்தைக் கைவைத்து ஆற்றுகிறவள் ஒருத்தி. எல்லோருக்கும் பின்னால் நின்று மந்திரம் போடுகிறவள் ஒருத்தி. பூட்டுத் திறக்கவும், தரையில் ஒளித்துவைத்த பொறிகளை மற்றவர்கள் மிதிப்பதற்கு முன்பே கண்டுபிடிக்கவும் ஒரு திருடி. நாலும் இருந்தால்தான் ஒரு கூட்டம் தாக்குப்பிடிக்கும் என்று புத்தகம் சொன்னது.

எங்கள் கூட்டத்தில் இன்னொருத்தி கிருஷ்ணகிரிக்காரி. மாங்காய் வியாபாரம் செய்யும் முஸ்லிம் குடும்பம். எங்கள் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கும் வேலை. கரப்பான்பூச்சியைப் பார்த்தால் கட்டில்மேல் ஏறி நிற்பவள். அவள்தான் வாள் கேட்டாள்.

"நீயா? ஃபைட்டரா?" என்றாள் ஆனேக்கல்காரி.

"ஏன், இருக்கக்கூடாதா? சூப்பர்வைசர் கத்துறப்பல்லாம் தலைய ஆட்டிக்கினு நிக்கிறேன். இங்கயாவது ஒருத்தன வெட்டிக்கிறேன்."

"அப்ப திருடி யாரு?"

"அது மட்டும் வேணாம்மா. விளையாட்டுக்குக்கூட மக திருடின்னு காதுல விழுந்தா எங்கம்மா விளக்குமாத்த எடுத்துரும்."

நான் யோசிக்கவே இல்லை. மந்திரக்காரி. புத்தகத்தில் இருந்த எல்லா வேலைகளிலும் அது ஒன்றுதான் படித்து வருவது. மற்றதெல்லாம் உடம்பிலோ, பக்தியிலோ, கைப்பழக்கத்திலோ வருகிறது. மந்திரக்காரி மட்டும் ஏடு வைத்திருக்கிறாள். ஏட்டைப் பார்த்துப் படிக்கிறாள். அந்த வரியைப் படித்தவுடன் அது எனக்காகவே எழுதியதுபோல இருந்தது.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா பர்கூர் பக்கம் கருங்கல் குவாரிகளில் கல் உடைத்தவர். நான் பர்கூரில்தான் பொறியியல் படித்தேன். அப்பா வேலை செய்த குவாரியைத் தாண்டித்தான் என் பஸ் தினமும் போகும். என் பத்தாவது ரேங்க் கார்டில் அவர் கைநாட்டு வைத்த இடத்தில் நீல மை திட்டாக இருக்கும். பன்னிரண்டாவதில் அந்த இடத்தில் நானே அவர் பெயரை எழுதி, அதன்மேல் அவரைப் பெருவிரல் வைக்கச் சொன்னேன். ரேஷன் கடைச் சீட்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, பட்டாவுக்கு வந்த நோட்டீஸ் எல்லாம் பத்து வயதிலிருந்து என் கையில்தான். நான் படித்து ஒன்று சொன்னால் அது சரியா என்று பார்க்க எங்கள் தெருவில் வேறு ஆள் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. இப்போது எழுதும்போதுகூட அதை மறைக்க முடியவில்லை.

தொழிற்சாலையிலும் அப்படியே தொடர்ந்தது. குவாலிட்டியில் எஞ்சினீயர் நான். ஆனாலும் பிரஸ் வரிசைப் பெண்கள் பி.எஃப். பேப்பர், பேங்க் கடிதம் என்று எதை வாங்கினாலும் கேண்டீனில் என் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைப்பார்கள். கையைத் துடைத்துக்கொண்டு படித்துச் சொல்வேன். "மேடம் வாயால சொல்லிட்டா ஆபீசரே சொன்ன மாதிரி" என்று ஒருத்தி கிண்டலாகச் சொன்னாள். கிண்டல் என்று தெரிந்தும் இரண்டு நாள் அதையே நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

என் அறைக்காரி விளையாட்டுக்குக் கடைசியாக வந்தாள். திருடி இல்லாமலே ஆடுவது என்று அதற்குள் முடிவாகியிருந்தது; மிச்சமிருந்தது காயம் ஆற்றும் வைத்தியச்சி வேலை. அவளிடம் யாரும் கேட்கக்கூட இல்லை.

"நான் என்னா பண்ணணும்க்கா?"

"நாங்க அடிபட்டா நீ காப்பாத்தணும்."

"எனக்கு அடிபட்டா?"

"உன் கிட்ட யாரு வர்றாங்க" என்றாள் கிருஷ்ணகிரிக்காரி. "முன்னால நான் இருக்கேன்ல. பேசாம வா."

ஆரம்பத்தில் புத்தகத்துக்காகச் சண்டை போட்டே நேரம் போயிற்று. என் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது, உன் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஆளாளுக்குப் புத்தகத்தைப் பிடுங்கினோம். ஆனேக்கல்காரி சலித்துப்போய், ஸ்பைரலைக் கழற்றி ஆளுக்கு அவரவர் வேலைக்கான தாள்களைக் கொடுத்துவிட்டாள். ஒரு சட்டமும் போட்டாள்.

"தாள் யார் கையில இருக்கோ அவ படிச்சுச் சொல்றதுதான் முடிவு. நடுவுல யாரும் செக் பண்ணக்கூடாது. ஆய்த்தா கணே?"

சரியா என்று கன்னடத்தில் கேட்டாள். நாங்களும் ஆய்த்து என்றோம். எங்கள் பாய்க்கு அதுதான் வழக்கமாயிற்று. வைத்தியச்சி தன் தாள்களை வாங்கி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, என் மடியில் வைத்தாள். "நீங்களே வெச்சுக்கோங்கக்கா. எனக்கு இது ஓடாது."

அதனால் மந்திரக்காரியின் தாளும் வைத்தியச்சியின் தாளும் என்னிடம்தான். நான் தமிழ் மீடியம். கல்லூரியில் கற்ற ஆங்கிலம் அளவுகளும் வரைபடங்களும் சார்ந்தது. மிஷின் மேனுவல் படித்தால் புரியும். அந்தப் புத்தகத்தின் ஆங்கிலம் வேறு மாதிரி. ஒரு வாக்கியத்தில் மூன்று 'ஆனால்', இரண்டு 'தவிர'. பாதி புரியும். புரியாத பாதியை நான் இட்டுக்கட்டினேன். தட்டில் கட்டை நின்றுவிட்டது, மூன்று பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த இடத்தில் 'இது எனக்குப் புரியல' என்று சொல்வதைவிட, தொண்டையைச் செருமிவிட்டு ஏதாவது சொல்வது சுலபமாக இருந்தது. சொன்னது சட்டமாகிவிடும். எனக்குச் சாதகமாக எதையும் சொல்லவில்லை என்று அன்றைக்கு நானே என்னை மெச்சிக்கொண்டேன்.

காயம் ஆற்றும் வித்தையைப் பற்றிய பத்தி நீளமானது. உயிர்ப் புள்ளி என்பது தெரிந்தது. பாதி என்பது தெரிந்தது. "அடுத்தவங்க காயத்த ஆத்தினா, ஆத்துறவளோட உயிர்ல பாதி கொறஞ்சிடும்" என்று படித்தேன்.

"ஐயோ பாவம்" என்றாள் கிருஷ்ணகிரிக்காரி.

வைத்தியச்சிக்கு அது சரியாகவே பட்டது. "சும்மா எப்பிடிக்கா ஆறும்? எங்கிருந்தாவது எடுத்துத்தான குடுக்கணும்."

கோடைக்காலத்தில் அந்த வைத்தியச்சி செத்துப்போனாள். புத்தகத்தில் டிராகன் வரவேண்டிய இடத்தில் ஆனேக்கல்காரி சானமாவுக் காட்டு யானைகளை இறக்கினாள். ராகிக் கொல்லைக்குள் ஏழு யானை. கிருஷ்ணகிரிக்காரி வாளைத் தூக்க மறுத்துவிட்டாள். "ஆனைய யாராச்சும் வெட்டுவாங்களா? பட்டாசு போடு, பந்தம் கொளுத்து. எங்க மாமா ஊர்ல அப்பிடித்தான் பண்ணுவாங்க." பட்டாசு இல்லை என்றதும் கூச்சல் போட்டபடி முன்னால் ஓடினாள். கட்டையில் இரண்டு விழுந்தது. யானை தூக்கி எறிந்தது. வைத்தியச்சி அவளைக் காப்பாற்றினாள். ஆறாக இருந்த அவள் உயிர்ப் புள்ளி மூன்றாயிற்று. என்னைக் காப்பாற்றினாள், ஒன்றாயிற்று. மறுபடி கிருஷ்ணகிரிக்காரி விழுந்தாள்.

"ஒண்ணுல பாதி எவ்ளோக்கா?"

ஆனேக்கல்காரி யோசித்தாள். "இந்த விளையாட்டுல அரை இல்ல கணே. பூஜ்யம்."

"சரி. கை வைக்கிறேன்."

"வேணாம்டி" என்றாள் கிருஷ்ணகிரிக்காரி. அப்போது அவள் சிரிக்கவில்லை.

"வெச்சிட்டேன்."

செத்துப்போன வைத்தியச்சியின் பெயரும் புள்ளிகளும் தன் கையால் எழுதிவைத்திருந்த தாளை அவள் கிழிக்கவில்லை. நாலாக மடித்துத் தன் துணிப் பையின் ஓரத்தில் செருகினாள். அடுத்த வாரம் புதிதாக ஓர் ஆளை எழுதச் சொன்னோம். மறுபடி வைத்தியச்சியையே எழுதினாள்.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அவளுடைய வலது கை பிரஸ்ஸில் மாட்டியது. இரண்டு விரல். முழுக்கத் துண்டாகவில்லை, தைத்து ஒட்டினார்கள். எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். ஆனால் தையல் பிரித்த பிறகு அந்த விரல்கள் எதையும் பிடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கட்டையை இடது கையால் உருட்டினாள். மிஷினில் பார்ட் நழுவி விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவள் எண்ணிக்கை குறைந்தது. பேக்கிங்கில் போட்டால் சமாளித்துக்கொள்வேன் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்த வேலை எதற்கு என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். ஊரில் தாய்மாமன் இருந்தார். முதல் மனைவி இறந்து, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளோடு இருந்தவர். இவள் அப்பாவிடம் ஒரு வார்த்தை வாங்கியிருந்தாள்: வேலை இருக்கிற வரைக்கும் கல்யாணப் பேச்சு இல்லை. மனுஷன் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். மாமன் வீட்டிலிருந்து ஆள் வரும்போதெல்லாம், "புள்ள வேலையில இருக்குது" என்று சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். வேலை என்ற அந்த ஒரு தட்டியைத் தவிர அவளுக்கு மறைவு எதுவும் இல்லை.

ஒரு புதன்கிழமை கேண்டீனில் அவள் என்னிடம் ஒரு பேப்பரைக் கொண்டுவந்தாள். பர்சனல் ஆபீசிலிருந்து கொடுத்திருந்தார்கள். இரண்டு பக்கம், ஆங்கிலம். ஆபீஸ் அசிஸ்டென்ட் கதவோரம் நின்று காத்துக்கொண்டிருந்தார். வரிசைப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மேசையைச் சுற்றி இருந்தார்கள்.

"பேக்கிங்குக்கு மாத்துறதுக்குன்னு சொன்னாங்கக்கா. பாருங்க."

முதல் பக்கத்தைப் படித்தேன். காயம் காரணமாக இப்போதைய மிஷினிலிருந்து விடுவிக்கக் கேட்டுக்கொள்கிறேன் என்று இருந்தது. எளிய ஆங்கிலம். தமிழில் சொன்னேன். "ஆமா, அதான்" என்று தலையாட்டினாள்.

இரண்டாவது பக்கத்தில் மொத்தம் நாலு வாக்கியம். ஒவ்வொன்றும் ஐந்து வரி. முதல் வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் வழி தவறி, மறுபடி தொடங்கினேன். பக்கத்தில் ஒருத்தி, "என்னா மேடம், உங்களுக்கே ஓடலியா?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். சுற்றியிருந்தவர்கள் என் வாயைப் பார்த்தார்கள். தொண்டையைச் செருமினேன்.

"இது எல்லாப் பேப்பர்லயும் போடுறதுதான். கம்பெனி ரூல்ஸ். கையெழுத்துப் போடு."

இடது கையால் போட்டாள். கோணலாக இருந்தது. கீழே இன்னொரு கோடு இருந்தது. "விளக்கிச் சொன்னவங்க போடணும்" என்றார் அசிஸ்டென்ட். அந்தக் கோட்டின்மேல் என் பெயரை எழுதி, யாரும் கேட்காமலே பக்கத்தில் பி.இ. என்றும் எழுதினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் கையைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். கூட்டத்தில் ஒருத்தி குறைந்தால் வைத்தியச்சியை யார் நடத்துவது? கதை சொல்பவளே நடத்தட்டும் என்று முடிவாயிற்று. என் கையிலிருந்த வைத்தியச்சியின் தாள்களை ஆனேக்கல்காரி வாங்கிக்கொண்டாள். ஒன்றரை வருஷத்தில் முதல் தடவையாக அந்தத் தாள்கள் என் கையைவிட்டுப் போயின. முதல் சண்டையிலேயே கிருஷ்ணகிரிக்காரிக்கு அடி. ஆனேக்கல்காரி தாளைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள்.

"பாதி உயிர் போகும்னு எங்க போட்டிருக்கு?"

"அந்தப் பெரிய பாரால."

"இல்லயே. அடிபட்டவ பாதி உயிருக்குக் கீழ இருந்தா கூடுதலா ஆறும்னு போட்டிருக்கு. ஆத்துறவளுக்கு ஒண்ணும் ஆகாது." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏய், ஒன்றரை வருஷமா அந்தப் பொண்ணு ரத்தத்தையே உறிஞ்சிட்டு இருந்தீங்களா?"

கிருஷ்ணகிரிக்காரியும் சிரித்தாள். "பர்கூர் எஞ்சினீயரு. நல்லா படிச்சுச் சொன்னா போ. அன்னிக்கு ஆனை அவளக் கொல்லல. இவதான் கொன்னுருக்கா."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது பக்கம் ஞாபகம் வந்தது. நாலு வாக்கியம். கட்டை என் கையில் இருந்தது, உருட்டவில்லை. தலைவலி என்று சொல்லிப் பாயிலிருந்து எழுந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பர்சனல் ஆபீசில் நகல் கேட்டு வாங்கினேன். பெண்கள் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு, ஃபோனில் அகராதியை வைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பார்த்தேன். அரைமணி நேரம் ஆயிற்று. வேலையிலிருந்து தப்பிக்க மேடம்கூட இங்கே வந்துவிட்டாளா என்று வெளியே யாரோ கேட்டார்கள். நாலு வாக்கியமும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. இவள் தன் சொந்த விருப்பத்தில் வேலையை விடுகிறாள். காயம் பற்றி இனி எதுவும் கேட்க மாட்டாள். பேக்கிங் என்ற சொல் எங்குமே இல்லை. கடைசியில், இதை அவளுக்குத் தெரிந்த மொழியில் படித்துக் காட்டி விளக்கினேன் என்று நான் உறுதி சொல்லியிருந்தேன். பி.இ.

பர்சனல் ஆபீசர் தெற்கத்திக்காரர். அமைதியானவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, பேப்பரை என் பக்கம் திருப்பி, என் கையெழுத்தின்மேல் பேனா முனையை வைத்தார்.

"மேடம், அந்தப் பிள்ளை புரியாம போட்டுட்டுன்னு சொல்லுதீய. புரிய வச்சேன்னு நீங்க போட்டிருக்கீய. ரெண்டுல எது பொய்?"

பேனாவை மூடி வைத்துவிட்டு அவரே சொன்னார்.

"ஒரு வரி எழுதிக் குடுங்க. எனக்கே புரியல, புரியாமத்தான் விளக்குனேன்னு. வேலைய விட்டவங்க லிஸ்ட் வியாழக்கிழமை வரைக்கும் காண்ட்ராக்டருக்குப் போவாது. அதை வச்சு நான் மேல பேசிப் பார்க்கேன்."

ஒரே ஒரு வரி. எழுதத் தெரியாதவள் இல்லை நான். அடுத்த மாதம் என்னை ஆடிட் பிரிவுக்கு மாற்றுவதாகப் பேச்சு இருந்தது. வேலையே ஆங்கிலத்தில் டாக்குமென்ட் படிப்பதுதான். ஆனால் அதுகூட உண்மையான காரணம் இல்லை. அந்த வரியைக் கற்பனையில் எழுதிப் பார்த்தபோதெல்லாம் கேண்டீனில் என் தட்டுக்குப் பக்கத்தில் பேப்பர் வைக்க வந்தவர்கள் அதைப் படிப்பதுபோலவே தெரிந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அவரும் படிப்பதுபோலத் தெரிந்தது.

திங்கட்கிழமை எழுதவில்லை. செவ்வாய்க்கிழமை அவள் பெயரில் ஒரு கடிதம் எழுதினேன். என் பெயர் எங்கும் வராமல், 'அறியாமல் கையெழுத்திட்டுவிட்டேன்' என்று. ஆபீசர் அதைப் படித்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். புதன்கிழமை அறையில் அவள் கேட்டாள்.

"பேக்கிங்குல எப்ப போடுவாங்களாம்க்கா? கேட்டீங்களா?"

"பேசிக்கினு இருக்கேன்."

"நீங்க பேசினா நடந்துரும்" என்று சொல்லிவிட்டு, ரப்பர் பந்தை வலது கையில் வைத்து அழுத்திப் பார்த்தாள். டாக்டர் சொன்ன பயிற்சி. பந்து நழுவி உருண்டது. எழுந்து போய் எடுத்தாள். மறுபடி நழுவியது.

வியாழக்கிழமை மத்தியானம் எழுதினேன். அரைத் தாள். ஆபீசர் சீட்டில் இல்லை, பெங்களூரில் மீட்டிங். மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை காலை போனபோது என் தாள் அவர் கையில் இருந்தது.

"லிஸ்ட் நேத்து காலையிலயே போயிட்டு மேடம்" என்றார். "புதன்கிழமை குடுத்திருந்தாக்கூட பேசியிருப்பேன்." தாளை என்ன செய்வது என்று கொஞ்சம் யோசித்தார். பிறகு பஞ்ச் செய்து ஃபைலில் கோத்துவிட்டார்.

அந்த வரி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது. நான் பயந்தபடி யாரும் அதைப் படிக்கவில்லை. ஆடிட் பிரிவுக்கும் என்னை மாற்றிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானமே அவளுடைய பிரஸ்ஸில் அசாமிலிருந்து வந்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை காலையில் அவள் சாமான்களைக் கட்டினாள். கட்டுவதற்கு அதிகம் இல்லை. முடிச்சுப் போட முடியாமல் பல்லால் கயிற்றை இழுத்தாள். நான் பிடிக்கப் போனபோது விட்டுக்கொடுத்தாள். எல்லாவற்றையும் அப்போதுதான் சொன்னேன். இரண்டாவது பக்கம், என் கையெழுத்து, திங்கள், செவ்வாய், புதன். எதையும் விடாமல் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கயிற்றைப் பார்த்தேன். எதற்காகவோ விளையாட்டில் செய்ததையும் சொன்னேன். பாதி உயிர் என்று தாளில் எங்கும் எழுதியிருக்கவில்லை, நான்தான் சொன்னேன் என்று.

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். துணிப் பையின் ஓரத்தில் கைவிட்டு, நாலாக மடித்த தாளை எடுத்து, பிரிக்காமல் பிடித்திருந்தாள்.

"அப்ப இவ சாக வேண்டியதே இல்லியாக்கா?"

"இல்ல."

"ஒன்னு இருந்துச்சு அவளுக்கு. ஒன்னு இருந்தாலும் உசுருதான." தாளின் மடிப்பை நீவிக்கொண்டே, "தெரியலன்னு சொல்லியிருந்தீங்கன்னா நான் வேற யார் கிட்டயாவது காட்டியிருப்பேன். அவ்ளோதான்க்கா. அவ்ளோதான் வேணும்" என்றாள்.

அந்தத் தாளைப் பைக்குள் திரும்ப வைக்கவில்லை. கட்டில்மேல் என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கிருஷ்ணகிரிக்காரியும் வந்தாள்; சாமான் தூக்க அறைக்கு வந்தபோதே அவளுக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. பஸ் நகர்ந்தபோது அவள் ஜன்னலிலிருந்து இடது கையைத் தூக்கினாள். எங்கள் இரண்டு பேரில் யாரைப் பார்த்துத் தூக்கினாள் என்று தெரியவில்லை. "ஊருக்குப் போய்ச் சேந்ததும் போன் பண்ணுடி" என்று கத்தினாள் கிருஷ்ணகிரிக்காரி. பிறகு என் பக்கம் திரும்பினாள். "மூணு நாளு. ஏன் புள்ள?" என்றாள். குரலில் கோபம் இல்லை.

பாய் விரிப்பது நின்றுவிட்டது. வைத்தியச்சி இல்லாத கூட்டம் ஒரு சண்டைக்குமேல் தாங்காது என்று ஆனேக்கல்காரி காரணம் சொன்னாள். தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவற்றில் வைத்தியச்சியின் பத்திக்குப் பக்கத்தில் பென்சிலால் நான் 'பாதி' என்று எழுதி வைத்திருந்ததை அழித்துத்தான் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஸ்டோருக்குப் பின்னால் தகர நிழலில் கிருஷ்ணகிரிக்காரி ஃபோனைக் கண்ணுக்கு அருகில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு நோட்டு. ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லாக எழுதி, அகராதியில் தேடி, அதன் கீழே தமிழில் எழுதிக்கொண்டிருந்தாள். டிஃபன் பாக்ஸை இன்னும் திறக்கவில்லை.

"என்னா அது?"

அவள் தயங்கினாள். "அவ அனுப்பிச்சா. வேலைக்கு ஏதோ ஃபாரமாம். கல்லு பாலிஷ் போடுற இடத்துல. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால படிச்சுச் சொல்லுன்னு கேட்டா." பிறகு, "ஆடி முடிஞ்சதும் தேதி வெக்கணும்னு மாமன் வூட்ல நெருக்குறாங்களாம். அதுக்குள்ள ஏதாச்சும் கெடைக்குமான்னு பாக்குறா" என்றாள்.

"உனக்கா அனுப்பிச்சா?"

"எனக்குத்தான். கோவிச்சுக்காத."

கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். கிருஷ்ணகிரிக்காரியும் பன்னிரண்டாவதோடு நிறுத்தப்பட்டவள்; ஒரு வரிக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டாள். ஏழாவது வரி எனக்கு ஒரே பார்வையில் புரிந்தது. வாயைத் திறக்கவில்லை. அவளாகவே கண்டுபிடித்து எழுதினாள், சரியாகத்தான் எழுதினாள். பதினோராவது வரியில் நின்றுவிட்டு, ஃபோனை என் பக்கம் திருப்பினாள்.

"இது என்னான்னு பாரு."

பார்த்தேன். மூன்று தடவை படித்தேன். சைரன் ஊதியது, சாப்பிட்டவர்கள் கைகழுவிக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"தெரியல" என்றேன்.

"சரி" என்று சொல்லிவிட்டு, அந்த வரிக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டாள். நோட்டை மூடிக்கொண்டு எழுந்தாள். டிசைன் பிரிவில் ஆனேக்கல்காரியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று மாடிப்படிப் பக்கம் போனாள்.